சம்பளத் தேதியும் சீட்டுத் தேதியும்: காட்டுப்பாக்கம் வட்டாரச் சேமிப்பின் வரலாறு

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில், ஐயப்பன்தாங்கலைக் கடந்து குமணன்சாவடியை எட்டுவதற்கு முன் அமைந்துள்ள காட்டுப்பாக்கம், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த எண்ணற்ற ‘பாக்கங்களுள்’ ஒன்றாக இருந்து, ஒரு தலைமுறைக் காலத்திற்குள் சென்னையின் மேற்குப் புறநகராக மாறிய ஊராகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று நகரங்களுக்கும் இடையில் பரவிக் கிடக்கும் இந்த வட்டாரத்தில் குடும்பங்கள் பணத்தைச் சேர்த்த முறையை வங்கிக் கிளைகளின் வரலாறாக எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் அஞ்சலகம், கூட்டுறவுச் சங்கம், வங்கி, பரஸ்பர நிதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அமைப்புகளின் வரிசை கிடைக்கும். ஆனால் அந்த வரிசை முழுவதற்கும் அருகிலேயே, எந்தக் கட்டத்திலும் மறையாமல், வீட்டு வாசல்களில் நடந்துவந்த சீட்டு என்னும் ஏற்பாடு அதில் இடம்பெறாது போய்விடும். வங்கி இல்லாத காலத்தின் மிச்சம் என்று சீட்டைக் கருதுவோர் பலர். இவ்வட்டாரத்தின் வரலாறோ, மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கும் வந்த பிறகே சீட்டு இங்கு வேரூன்றியது என்று கருத இடமளிக்கிறது.

வேளாண்மைக் காலத்துப் பணம் தேதியைப் பார்த்து வருவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலும் சிற்றூர்களின் ஏரிகளிலும் நீர் நின்ற ஆண்டில் நெல் வரும். நெல் விற்ற பிறகே காசு கையில் தங்கும். இடைப்பட்ட மாதங்களுக்குக் கடன்தான் கதி. இந்தக் கடன்சுமையை ஆராயுமாறு சென்னை மாகாண அரசு பணித்த ஃப்ரெடரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அளித்த அறிக்கையில், ஜெர்மனியில் ராய்ஃபைசன் என்பவர் உருவாக்கியிருந்த கிராமக் கடன் சங்கங்களைப் போன்றவற்றை இங்கும் தொடங்கலாம் என்று பரிந்துரைத்தார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார் கூட்டாகப் பொறுப்பேற்று, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குவது அந்தச் சங்கங்களின் அடிப்படை. அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் எனப்படும் சங்கம் தோன்றியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திரூரில். இன்று அவ்வூர் காட்டுப்பாக்கத்தைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெருமைக்குரிய தொடக்கம்தான் என்றாலும், அரை நூற்றாண்டு கழித்து 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வறிக்கை, நாடு முழுவதும் உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3 விழுக்காட்டை ஒட்டியே இருந்ததாகக் கணக்கிட்டது.

நகரத்தின் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. 1882 ஏப்ரல் 1 முதல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இயங்கியது. 1872இல் மயிலாப்பூரில் தொடங்கிய இந்து நிரந்தர நிதியைப் போன்ற ‘நிதிகள்’, அதாவது உறுப்பினர்களிடம் மட்டுமே பணம் வாங்கி உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் தரும் அமைப்புகள், நடுத்தர வகுப்பாரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தன. 1906 அக்டோபர் 22 அன்று, நகரத்தின் மிகப் பெரிய வெள்ளையர் வணிக நிறுவனங்களுள் ஒன்றான ஆர்பத்னாட் கம்பெனி பணம் தர இயலாது என்று கதவை அடைத்தபோது, பெரிய கட்டடமும் பெரிய பெயரும் பணத்துக்குக் காவலல்ல என்பதைச் சென்னை முதன்முறையாகப் பெரிய அளவில் கண்டது. அந்த வீழ்ச்சியின் எதிரொலியாகப் பிறந்ததே 1907 ஆகஸ்டு 15 அன்று செயல்படத் தொடங்கிய இந்தியன் வங்கி.

மேற்குப் புறநகரின் பணத்தைத் தேதிக்குக் கட்டுப்படுத்தியவை தொழிற்சாலைகள். முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டி வெளிவந்தது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்கள் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், மற்றவை 10ஆம் தேதிக்குள்ளும் ஊதியத்தைத் தந்துவிட வேண்டும் என்று விதித்திருந்தது. உலர்ந்த சட்ட வரிதான். எனினும் இந்த வட்டாரத்துக் குடும்பப் பொருளாதாரத்தில் இதற்கு இணையாகத் தடம் பதித்த வரி வேறொன்று இருக்குமா என்பது ஐயம். ஏரி நிரம்பும் நாளை யாராலும் சொல்ல முடியாது. 7ஆம் தேதியோ மாதந்தோறும் தவறாமல் வந்தது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடைப் பாக்கி, அடகுக் கடை வட்டி எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றி அமைந்தன. சீட்டு நாளும் அதை அடுத்த சில நாட்களில் வைக்கப்பட்டது.

சம்பளத்தோடு கட்டாயச் சேமிப்பும் வந்தது. 1952இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தபோது, அந்த ஆறில் பொறியியல் பொருட்கள் உற்பத்தியும் ஒன்றாக இருந்ததால், அம்பத்தூர் வகைத் தொழிற்சாலைகள் அதன் வரம்புக்குள் அடங்கின. ஊதியத்தில் ஆறேகால் விழுக்காடு கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்பட்டு, முதலாளி தரும் அதே அளவு பங்கோடு சேர்ந்து வளர்ந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய ஆண்டிலேயே ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா தோன்றியது. 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமையான பின் புறநகர்களிலும் கிளைகள் பெருகின. ஆனால் இவை அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. வைப்பு நிதி ஓய்வுக் காலத்துக்கானது, காப்பீடு இறப்புக்கும் முதிர்வுக்குமானது, வங்கிச் சேமிப்புக் கணக்கோ எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக் கூடியது. மகளின் மஞ்சள் நீராட்டுக்கு, மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு, வாடகை வீட்டு முன்பணத்துக்கு, ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு மொத்தத் தொகை வேண்டும் என்போருக்கு இவற்றில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அந்த இடத்தைச் சீட்டு நிரப்பியது.

சீட்டு என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையினர் மாதந்தோறும் சமமான தொகையைப் போட்டு, சேரும் மொத்தத்தை ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். எடுப்பவரைத் திருவுளச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தால் அது குலுக்கல் சீட்டு. அதில் வட்டி என்ற பேச்சே இல்லை, முறை மட்டுமே உண்டு. எடுக்க விரும்புவோர் போட்டியிட்டு, தொகையில் இவ்வளவு குறைத்துக்கொள்ளத் தயார் என்று கேட்டு, மிக அதிகமாகக் குறைப்பவருக்குக் கொடுத்தால் அது ஏலச் சீட்டு; அவ்வாறு விட்டுக்கொடுக்கும் தொகைக்குத் ‘தள்ளு’ என்று பெயர், அதிலிருந்து மற்றவர்களுக்குப் பிரியும் பங்குக்குக் ‘கழிவு’ என்று பெயர். நடத்துபவர் இதற்காக ஒரு விகிதத்தைக் கூலியாகப் பெறுவார்; அல்லது தெருவில் நடக்கும் சீட்டுகளில் காணப்படுவது போல, ஒரு மாதத்து முழுத் தொகையைத் தள்ளு இல்லாமல் தாமே எடுத்துக்கொள்வார், அந்த மாதத்தைக் ‘கம்பெனி சீட்டு’ என்பார்கள்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சீட்டைப் புகழ்வோரும் இகழ்வோரும் பெரும்பாலும் கணக்குப் போடுவதில்லை. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதங்கள், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு என்று கொள்வோம். முதல் மாதம் ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி 70,000 எடுக்கிறார். தள்ளிய தொகையில் 5,000 ரூபாய் நடத்துபவரின் 5 விழுக்காட்டுக் கூலி. மீதி 25,000 ரூபாய் 20 பேருக்கும் பிரிந்து ஆளுக்கு 1,250 ரூபாய் கழிவாவதால், அந்த மாதம் ஒவ்வொருவரும் 3,750 ரூபாய் கட்டினால் போதும். மாதங்கள் செல்லச் செல்ல அவசரக்காரர்கள் குறைந்து, தள்ளு படிப்படியாக இறங்கி, கடைசி மாதத்தில் கூலியாகிய 5,000 மட்டுமே மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் கட்டியிருக்கும் மொத்தம் 87,500 ரூபாய். கடைசி வரை பொறுத்திருந்தவர் 95,000 எடுக்கிறார். அவர் பணம் சராசரியாக ஒன்பது மாதமே சீட்டில் கிடந்ததால், அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு. முதலில் எடுத்தவர் கொடுத்த வட்டியோ, புறநகர் வழக்கில் சொன்னால், இரண்டு ரூபாய் வட்டிக்குச் சற்று மேல். அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு மேல், மூன்று ரூபாய்க்குக் கீழ்.

இது மலிவான கடனா என்ற கேள்விக்கு, எதனோடு ஒப்பிடுவது என்பதைப் பொறுத்தே விடை அமையும். வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் விலை உயர்ந்தது. பூந்தமல்லிச் சந்தையின் பூக்காரருக்கும் காய்கறி வண்டிக்காரருக்கும் எட்டக்கூடிய தண்டலோடு ஒப்பிட்டாலோ கதை வேறு. தண்டல் என்பது நாள்தோறும் வசூலிக்கப்படும் கடன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் வசூலித்தால், அது மாதம் ஆறு ரூபாய் வட்டியைத் தாண்டிவிடுகிறது. மிகை வட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2003இல் இயற்றிய சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிநேர வட்டி, தினவட்டி, தண்டல் என்று தெருச் சொற்களை அப்படியே எடுத்து இலக்கணம் வகுத்திருப்பது, சட்ட நூல்களில் அரிதாகக் காணக்கூடிய மொழிநிகழ்வும் ஆகும்.

சீட்டில் சேருபவர்கள் வாங்குவது இந்த வட்டியை அல்ல என்பதுதான் முக்கியம். அவர்கள் வாங்குவது ஒரு தேதியையும் ஒரு கட்டாயத்தையும். தனியாக வீட்டு அலமாரியில் சேர்க்கும் பணத்தை மைத்துனரின் அவசரமோ பண்டிகையோ கரைத்துவிடும். பத்தொன்பது வீடுகளுக்குத் தெரிந்த சீட்டுப் பணத்தைக் கட்டாமல் இருக்க முடியாது, ஏனெனில் தெருவில் நடமாட வேண்டுமே. கணவன் கேட்டாலும் “சீட்டுக்கு எடுத்து வைத்தது” என்ற ஒரு சொல்லுக்குப் பின் பேச்சு எழுவதில்லை என்பதனாலேயே, தெருச் சீட்டுகளை நடத்துவதும் அவற்றில் சேருவதும் பெருமளவு பெண்களின் துறையாக அமைந்தது. தேசியச் சேமிப்புத் திட்டத்தின் கீழ் 1972 முதல் பெண் முகவர்களை நியமித்து, அஞ்சலகத் தொடர் வைப்புக்கான மாதத் தவணையை வீடு தேடிச் சென்று வாங்கச் செய்தபோது, அரசும் அறிந்தோ அறியாமலோ இதே நெறியைத்தான் கையாண்டது: தெரிந்த பெண்ணொருவர் மாதம் ஒருமுறை வாசலில் வந்து நிற்பார்.

மானிடவியலர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ், ஜாவாவின் ‘அரிசான்’ முதலிய ஏற்பாடுகளை ஒப்பிட்டு 1962இல் எழுதிய கட்டுரையில், உழவர் சமூகம் வணிகச் சமூகமாக மாறும் ஏணியில் இவை நடுப்படி என்றும், வங்கி முறை வலுவடையும்போது தேவையற்றுப் போகும் என்றும் கருதினார். அவ்வேணியில் இவ்வட்டாரத்தார் மேற்படியில் கால் வைத்த பிறகும் நடுப்படியை விடவில்லை. ஒரே வீட்டில் வைப்பு நிதிக் கணக்கும், வங்கிக் கணக்கும், இரண்டு மூன்று சீட்டுகளும் இருப்பது இயல்பாயிற்று. கடல் கடந்த தமிழரிடையேயும் இது தொடர்ந்தது. மலேசியாவில் ‘கூட்டு’ என்றே இதற்குப் பெயர். அந்நாட்டு அரசு 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் வழி அதை ஒரேயடியாகத் தடை செய்தது. இலங்கையில் சிங்களரும் ‘சீட்டு’ என்ற தமிழ்ச் சொல்லையே வழங்குகின்றனர்.

இந்தியா தடை செய்யாமல் ஒழுங்குபடுத்த முயன்றது. தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தை அடுத்து, பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்த 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், சீட்டுகளுக்கான 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் வந்தன. 1982இன் சட்டப்படி ‘ஃபோர்மேன்’ எனப்படும் நடத்துநர் முன் அனுமதி பெற வேண்டும், பதிவாளரிடம் பிணையம் வைக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்கு மேல் கூலி பெறக் கூடாது. 1974இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் சிட்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் வளர்ந்தவை. ஆயின் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குப் பெற்ற சீட்டின் அளவு வெறும் 100 ரூபாய். 1982இலேயே சிறிதாக இருந்த அந்தத் தொகை 2019இல் திருத்தம் வரும் வரை மாறவில்லை என்பதால், காட்டுப்பாக்கம் முதலிய ஊர்களில் பதிவின்றி நடந்த தெருச் சீட்டுகள் ஏறக்குறைய அனைத்துமே முப்பத்தேழு ஆண்டுகள் சட்டத்துக்குப் புறம்பாகவே நடந்தன எனலாம். சட்டத்தை வகுத்தவர்கள் தெருவைப் பார்க்கவில்லை. தெருவும் சட்டத்தைப் பார்க்கவில்லை. 2019இன் திருத்தம் நடத்துநரின் கூலியை 7 விழுக்காடாக உயர்த்தி, விலக்கு அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது.

பெருந்திரளான இழப்பு நேர்ந்தது தெருச் சீட்டில் அல்ல. 1990களின் நடுவில் ஆண்டுக்கு 24 விழுக்காடும் அதற்கு மேலும் தருவதாக விளம்பரம் செய்த நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது, விருப்ப ஓய்வுப் பணத்தையும் வைப்பு நிதிப் பணத்தையும் அவற்றில் வைத்திருந்தோர் தெருவில் நின்றனர். 1997இல் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது அதன் விளைவே. சீட்டு நடத்துபவர் ஊரைவிட்டு ஓடுவதும் உண்டு, அதைச் சிறிதாகக் கருதவும் கூடாது. ஆனால் அவர் ஓடினால் இருபது, நாற்பது வீடுகள் பாதிக்கப்படும், இழப்பும் அந்தச் சீட்டின் அளவோடு நிற்கும். நிதி நிறுவனத்தின் இழப்புக்கு அப்படியொரு கரை இல்லை. முகம் அறிந்த நம்பிக்கைக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது; விளம்பரம் அந்த எல்லையை அழித்ததுதான் 1990களின் புதுமை.

சீட்டில் எடுத்த மொத்தம் எங்கே சென்றது என்ற கேள்வி இவ்வட்டாரத்தில் இரண்டு விடைகளைப் பெறும். ஒன்று நகை. பெரிய கடைகள் நடத்தும் நகைச் சீட்டு, பெயரால் மட்டுமே சீட்டு. அதில் குலுக்கலும் இல்லை, ஏலமும் இல்லை, மாதந்தோறும் கட்டிய பணத்துக்கு முடிவில் நகை வாங்கிக்கொள்ளும் முன்பண ஏற்பாடே அது. முன்பணம் 365 நாட்களுக்குள் பொருளாக மாறாவிட்டால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்று 2014ஆம் ஆண்டின் நிறுவன வைப்பு விதிகள் வகுத்ததால்தான், இத்திட்டங்கள் பதினோரு மாதங்களில் முடியுமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஆடிப் பெருக்கிலோ அட்சய திருதியையிலோ சேரும் வாடிக்கையாளருக்கு அந்தப் பதினோராவது மாதத்தின் பின்னால் ஒரு விதி இருப்பது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மற்றொன்று மனை. சென்னை வழக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. 1980களிலிருந்து பூந்தமல்லிச் சாலையின் இருபுறமும் நெல் வயல்கள் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளாகக் கூறுபோடப்பட்டு, மாதத் தவணையிலும் விற்கப்பட்டன. பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு ஒருபுறம், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் சொல்லி விற்கப்பட்ட மலிவான மனை மறுபுறம். சீட்டுப் பணத்தோடு வருபவரின் கைக்கு எட்டியது பெரும்பாலும் இரண்டாவதுதான். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புதலற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது, அத்தகைய மனைகளை வைத்திருந்தோர் விற்கவும் முடியாமல் தவித்தனர்; 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்த பிறகே, கட்டணம் செலுத்தி வெளியேற வழி பிறந்தது. ஆனாலும் நிலத்தில் போட்டவர் தோற்றார் என்று சொல்ல முடியாது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை செல்லும் மெட்ரோ இரயில் தடத்தில் காட்டுப்பாக்கமும் ஒரு நிலையமாகிய இன்றைய நிலையில், 1980களின் தவணை மனை, அந்தக் குடும்பங்களின் மற்ற எல்லாச் சேமிப்பையும் விஞ்சி நிற்பது இயல்பே. அந்த ஆதாயம் விற்கும் நாளில்தான் பணமாகும். குடியிருக்கும் வீட்டை விற்பவர் யார்?

பங்குச் சந்தை இவ்வட்டாரத்துக்கு நேர்வழியில் வரவில்லை. 1964இல் தோன்றிய யூனிட் டிரஸ்டின் முதல் திட்டமாகிய ‘யூனிட்-64’ அரசு ஊழியரும் ஆலைத் தொழிலாளரும் அஞ்சலகப் பத்திரத்துக்கு நிகராக நம்பி வாங்கியது. 2001 ஜூலையில் அதன் விற்பனையும் திரும்பப் பெறுதலும் நிறுத்தி வைக்கப்பட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அடுத்த தலைமுறையிடம் பரஸ்பர நிதி சென்று சேர்ந்தது, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்து முதலீடு செய்யும் எஸ்.ஐ.பி. என்ற வடிவத்தில். சீட்டை அறிந்த வீட்டுக்கு இதை விளக்குவது கடினமாக இருந்திருக்காது: மாதத் தவணை, தவறாத கட்டாயம், சில ஆண்டுகளில் ஒரு மொத்தம். முக்கிய வேறுபாடு ஒன்று உண்டு, எஸ்.ஐ.பி.யில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ள ஏலம் கேட்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே, கைப்பேசியில் பணம் அனுப்பும் காலத்திலும் சீட்டு நோட்டு மூடப்படவில்லை, அதன் பக்கங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு இடம் மாறியதோடு சரி. எஸ்.ஐ.பி. விண்ணப்பத்தில் மாதத்தின் எந்தத் தேதியில் பணம் பிடிக்கப்பட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 7ஆம் தேதி சம்பளம் வாங்கும் வீட்டில் அந்தக் கட்டம், சீட்டு நாளுக்கு முன்பா பின்பா என்று பார்த்த பிறகே நிரப்பப்படுகிறது.